இருந்தாலும் மேடம்

இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு மேடம் கட்டுரை படிக்கிறார். பக்கம் முடிந்ததும் வலது கை மட்டும் வெளியே வந்து தாளைப் புரட்டிவிட்டு மறுபடி அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. முதல் வாசிப்பில் கைக்கு வேலை கிடையாது என்பது வீட்டுச் சட்டம். கை சும்மா இருந்தால் பேனாவைத் தேடும், பேனா கிடைத்தால் குற்றத்தைத் தேடும் என்பது அவர் கணக்கு. "கையைக் கட்டிப் போட்டாத்தாங்க கண்ணு ஒழுங்கா வேலை பாக்கும்" என்பார். சாப்பாட்டு மேசையில், பக்கத்தில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, மூக்குக் கண்ணாடி நுனிக்கு வந்து நிற்கும். அதைத் தள்ளிவிடக்கூட கை வெளியே வராது. முகத்தைச் சுளித்து, மூக்கை மேலே தூக்கித்தான் சரிசெய்துகொள்வார்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குச் சாலைப் போக்குவரத்துப் பாடம் நடத்துவது அவருடைய தொழில். பிறர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, இதை வெளியிடலாமா கூடாதா என்று ஆய்விதழ்களுக்கு மதிப்பீடு எழுதித் தருவது அந்தத் தொழிலோடு வாலாக ஒட்டிக்கொண்டு வந்தது. கூலி கிடையாது, பெயரும் போடமாட்டார்கள். கட்டுரையை எழுதியவர் யார் என்று மதிப்பிடுபவருக்குச் சொல்லமாட்டார்கள். மதிப்பிட்டவர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாது. பெரியவர்கள் ஆடும் கண்ணாமூச்சி இது. யார் குத்தியது என்று தெரியவா போகிறது என்கிற தைரியத்தில் பலர் இந்த இருட்டுக்குள் புகுந்து நன்றாக நாலு குத்து குத்திவிட்டுப் போவார்கள். மேடம் இருட்டில்தான் கூடுதல் மரியாதையோடு நடந்துகொள்வார்.

அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. முதன்முதலில் அவர் அனுப்பிய கட்டுரைக்கு ஒரே ஒரு வரி மதிப்பீடு வந்தது. "இது ஆய்வு அல்ல, வேடிக்கை பார்த்தல்." நடைபாதையில் நின்று மக்கள் எப்படிச் சாலையைக் கடக்கிறார்கள் என்று மூன்று மாதம் பார்த்து எழுதிய கட்டுரை அது. "வேடிக்கைதான் பாத்தேன், இல்லேங்கல. என்னத்தைப் பாத்தேன்னு கேட்டிருக்கலாம்ல அந்த மனுஷன்?" என்று இப்போதும் கேட்கிறார். கேட்கும்போது சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு அவ்வளவு நல்ல சிரிப்பு இல்லை.

மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'இருந்தாலும் மேடம்'. ஆசிரியர்களுக்குள் பேசிக்கொள்ளும்போதும் அந்தப் பெயர்தான் புழக்கத்தில் இருக்கிறது. மதிப்பீட்டில் 'ஆனால்' என்கிற சொல்லை அவர் எழுதுவதில்லை. காரணம் கேட்டால் வகுப்பே எடுத்துவிடுவார். "'நல்ல கட்டுரை, ஆனால்'னு எழுதினா அந்த 'நல்ல கட்டுரை' அங்கேயே செத்துப்போச்சு. எழுதினவங்க அதைப் படிக்கவே மாட்டாங்க, 'ஆனா'வுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னுதான் ஓடுவாங்க. 'இருந்தாலும்'னா அப்படி இல்ல. முன்னாடி சொன்னது அங்கேயே இருக்கு. நல்லாவே இருக்கு. இருந்தாலும், இதையும் கொஞ்சம் பாருங்க." வகுப்புக்குள் அவர் நுழையும்போது பின்வரிசையில் யாராவது மெல்ல 'இருந்தாலும்...' என்று இழுப்பார்கள். உச்சரிப்பெல்லாம் பிரமாதம், சுருதிதான் கொஞ்சம் ஏறிவிட்டது என்று மேடம் அதற்கும் மதிப்பீடு சொல்லிவிட்டுத்தான் வருகைப்பதிவை எடுப்பார்.

இரண்டாவது வாசிப்பில் கைகளுக்கு விடுதலை. மஞ்சள் சீட்டு, நீலச் சீட்டு என்று இரண்டு கட்டுகள் மேசைக்கு வரும். நன்றாக இருக்கும் இடத்தில் மஞ்சள், இடறும் இடத்தில் நீலம். முதல் மஞ்சளை ஒட்டாமல் நீலத்தைத் தொடக்கூடாது. ஒரு மஞ்சள்கூட ஒட்ட முடியாத கட்டுரை வந்தால் தான் சரியாகப் படிக்கவில்லை என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒருமுறை அப்படி நான்கு தடவை படித்தும் ஒன்றும் அகப்படாமல், கடைசியில், "வரைபடத்தில் வடக்குத் திசை தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளது, எவரும் வழிதவற மாட்டார்கள்" என்று எழுதி அனுப்பினார். அவர் அதைக் கேலியாக எழுதவில்லை. அம்புக்குறி உண்மையிலேயே தெளிவாக இருந்ததாம்.

இந்தப் பழக்கம் வீட்டு வாசலோடு நிற்பதில்லை. குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் பழுதாகி மூன்று நாள் ஆனபோது, சங்கத்துக்குப் புகார் எழுதும் பொறுப்பை இவரிடம் கொடுத்துவிட்டார்கள். மோட்டார் எட்டு வருடம் சத்தமில்லாமல் உழைத்ததைப் பற்றி முதல் பத்தி, அதைப் பொருத்தியவரின் நேர்த்தி பற்றி இரண்டாம் பத்தி. மேல்மாடிக்காரர் படித்துவிட்டு, "மேடம், நாம மோட்டாருக்குப் பாராட்டு விழாவா எடுக்கறோம்? குளிக்கத் தண்ணி இல்லீங்க" என்றார். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். குற்றம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டு சுற்றத்தையும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இப்படியெல்லாம் ஆகத்தான் செய்யும்.

மூன்றாவது வாசிப்பு கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்தை நோக்கிப் போகும், அட்டவணைகள் மட்டும். அதன் பிறகு மதிப்பீட்டை எழுதி, மதியம் சாப்பிட வரும் கணவரிடம் வாசித்துக் காட்டுவார். கணவர் பல் டாக்டர். சாலைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கிளினிக்குக்கு எந்த வழியாகப் போனால் நெரிசல் குறைவு என்பதுதான். அதனால்தான் அவர் இந்த வேலைக்குப் பொருத்தம். பெயர் தெரியாவிட்டாலும் எழுத்தை வைத்தே ஒருவர் மேல் விருப்போ வெறுப்போ வந்துவிடும் அல்லவா? மேடம் வாசித்து முடித்ததும், கட்டுரையாளர் மேடத்துக்குப் பிடித்தவரா பிடிக்காதவரா என்று டாக்டர் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் மதிப்பீடு குப்பைக்கூடைக்குப் போகும். வாசித்ததில் தன் விருப்பு வெறுப்பு கசிந்திருக்கிறது என்று அர்த்தம். தவறாகச் சொன்னாலோ, "தெரியலையே" என்றாலோ அன்றைக்கே அனுப்பிவிடலாம். பதினான்கு வருடமாக இந்தச் சோதனை நடக்கிறது. டாக்டருக்கு இதனால் எந்தச் சாப்பாடும் சூடாகக் கிடைத்ததில்லை.

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்விதழின் எடிட்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். எப்போதும் மின்னஞ்சலோடு நிறுத்திக்கொள்பவர் அவர்.

"மேடம், ஒரு கட்டுரை வந்திருக்கு. உங்களுக்கு அனுப்பலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிக்கிறேன். உங்க பேரு பதினேழு இடத்துல வருது. அதுல நாலு இடத்துலதான் நல்லபடியா வருது."

"நாலு இடத்துல நல்லா சொல்லியிருக்காங்கல்ல? அனுப்புங்க."

"வேற ஒருத்தரும் படிக்கிறார். நீங்க முடியாதுன்னு சொன்னா நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"இந்த விஷயத்தை என்னைவிட ஆழமா யாராவது படிச்சிருக்காங்கன்னா அவங்களுக்கே அனுப்புங்களேன்." யாரும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அது தற்பெருமை இல்லை, அந்தத் துறை அவ்வளவு சின்னது.

மேடத்தின் பெயர் பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாற்பது. சாலையைக் கடக்கும் இடத்துக்கு வந்து நிற்பவர் சராசரியாக நாற்பது விநாடிதான் சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு நிற்பார், அதற்கு மேல் பொறுமை இழந்து சாலையில் இறங்கிவிடுவார் என்று இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவர் கண்டு சொன்னார். வேடிக்கை பார்த்தல் என்று ஒருவர் தள்ளிவிட்ட அதே வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்து, வேறோர் இதழில் வெளியிட்டது அது. அந்த எண்ணை வைத்துத்தான் பல இடங்களில் சிக்னல் நேரத்தை அமைக்கிறார்கள். ஒரு மனிதருக்கு ஒரு வாழ்நாளில் ஓர் எண் கிடைப்பதே அபூர்வம். அந்த எண்ணைத்தான் இந்தக் கட்டுரை தூக்கியெறியச் சொன்னது.

அது சொன்ன விஷயம் எளிமையானது. முந்தைய ஆய்வாளர், கையில் ஸ்டாப்வாட்ச்சும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நடைபாதை விளிம்பிலேயே நின்றிருக்கிறார். அப்படி ஒருவர் முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்குச் சிவப்பில் இறங்கத் துணிச்சல் வரும்? மக்கள் விளக்குக்காக நிற்கவில்லை, அவருக்காக நின்றிருக்கிறார்கள். கட்டுரையாளர் எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், யார் கண்ணிலும் படாமல் கேமரா வைத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரைப் பதிவு செய்திருந்தார். அவருக்குக் கிடைத்த விடை முப்பத்துமூன்று விநாடி. நடுவில் ஒரு வாக்கியம் கொஞ்சம் வாயாடித்தனமாக வந்து விழுந்திருந்தது. "முன்னோடி ஆய்வாளர் அளந்தது தம்முடைய நிழலைத்தான்."

மேடத்தின் கைகள் தொடைக்கு அடியில் இருந்தன. அந்த வாக்கியத்தைப் படித்தபோது அவை அங்கேயே மரத்துப்போயின.

காரணம், அவருக்கு ஒரு பெரியவரின் ஞாபகம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன், இரண்டாவது வாரத்தில் ஒருநாள், கையில் மருந்துக் கடைப் பையோடு வந்து நின்ற அந்தப் பெரியவர், சிவப்பு நீண்டுகொண்டே போக, இவர் பக்கம் திரும்பி, "போலாமா மேடம்?" என்று கேட்டார். இவரிடம் அனுமதி கேட்டார். இவர் சிரித்துவிட்டு, "என்னைக் கேக்காதீங்கய்யா, நான் சும்மா நிக்கிறேன்" என்று சொன்னார். அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. கதையாக நண்பர்களிடம் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். கட்டுரையில் அதற்கு ஓர் அடிக்குறிப்புக்கூடக் கிடையாது.

மூன்றாவது வாசிப்பில், அட்டவணைகளில், ஓட்டை ஒன்று தென்பட்டது. கட்டுரையாளர் காத்திருந்த நேரத்தை, ஆள் வந்து நின்ற கணத்திலிருந்து எண்ணாமல் விளக்கு சிவப்பான கணத்திலிருந்து எண்ணியிருந்தார். விளக்கு சிவப்பாகிப் பத்து விநாடி கழித்து வந்தவர் கணக்கிலும் அந்தப் பத்து ஏறியிருந்தது. முதன்முதலாக ஆய்வு செய்பவர்கள் விழுகிற பள்ளம்தான். இது ஒன்று போதும், கட்டுரை முழுவதும் ஆட்டம் கண்டுவிடும். மேடம் நீலச் சீட்டை எடுத்தார். எடுத்த கையோடு உட்கார்ந்திருந்தார். இதை நான் சொன்னால் வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதையாக ஆகாதா என்கிற நினைப்பு வந்துவிட்டது. நீலத்தை ஒட்டாமல் கட்டிலேயே திரும்ப வைத்தார்.

அன்று எழுதிய மதிப்பீட்டில் பாராட்டு ஒன்றரைப் பக்கம். கடைசியில், நேரத்தை எண்ணிய முறையை இன்னும் சற்று விளக்கினால் வாசகருக்கு உதவியாக இருக்கும் என்று ஒரு வரி. நாற்பது என்கிற எண்ணை எங்கும் எழுதாமல் 'முந்தைய ஆய்வு' என்று மட்டும் குறிப்பிட்டார். மதியம் டாக்டரிடம் வாசித்தார்.

டாக்டர் நன்றாக மென்று முடித்துவிட்டு, "உனக்குப் பிடிச்சவங்க. சந்தேகமே இல்ல. உன்கிட்ட படிச்ச பொண்ணா?" என்றார்.

"தப்பு" என்றார் மேடம். முகம் மலர்ந்தது. சட்டப்படி அனுப்பிவிடலாம்.

"தப்பா? இவ்வளவு செல்லம் குடுத்துப் பூசி மெழுகியிருக்க. கடைசியில ஏதோ சொல்ல வந்து மென்னு முழுங்கிட்ட. நான் வேணா சொல்றேன், சொந்தக்காரங்களாத்தான் இருக்கும்."

மேடம் தாளைக் கீழே வைத்தார். பதினான்கு வருடத்தில் அவர் யோசித்துப் பார்க்காத சங்கதி இது. டாக்டர் தவறாகச் சொல்லவேண்டும் என்றுதான் சட்டம் போட்டாரே தவிர, எவ்வளவு தவறாக என்று வரம்பு வைக்கவில்லை. பிடிக்காத ஒருவருக்குச் செல்லம் கொடுத்தாலும் கசிந்தது கசிந்ததுதான். அந்த மதிப்பீடு, சட்டத்தில் தேறியும், குப்பைக்கூடைக்குப் போனது.

மறுநாள் எழுதியது வேறு மாதிரி. ஓட்டையை முதல் பத்தியிலேயே வைத்தார். அட்டவணையையும் வரிசை எண்ணையும் குறிப்பிட்டு, அடிப்படை அளவீடே பிழை என்பதால் முடிவுகளை ஏற்பதற்கில்லை என்று எழுதினார். கேமரா வைத்த யோசனையை உரிய இடத்தில் பாராட்டியிருந்தார். ஒரு பொய் இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. எவரும் குறை சொல்ல முடியாத மதிப்பீடு. அது போய்ச் சேர்ந்தால் நாற்பது இன்னும் பத்து வருடத்துக்குக் குத்துக்கல்லாக நிற்கும்.

மதியம் டாக்டர் வந்தார், சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். மேடம் தாளை எடுக்கவில்லை.

"இன்னைக்கு வாசிக்கலையா?"

"எல்லாம் உண்மைதாங்க. சோதிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

"சரி, அப்ப அனுப்பு."

"கேக்கலையா நீங்க?"

"நீ வாசிச்சாத்தானே நான் கேக்க முடியும்?" டாக்டர் கை துடைத்துக்கொண்டே நின்றார். "என்னதான் பிரச்சினை?"

"ஒரு ஓட்டை இருக்கு. பெருசு."

"சொத்தைன்னு வச்சுக்கோ. அடைக்க முடியுமா, பிடுங்கணுமா?"

"பாக்கல."

"பாக்காமலே பிடுங்கறேங்கறியா? என் கிளினிக்ல அப்படிப் பண்ணினா போர்டைக் கழட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார் டாக்டர். மூன்று மணிக்கு அவருக்கு ஒரு கடைவாய்ப்பல் காத்திருந்தது. கிளம்பிவிட்டார்.

கட்டுரையின் பின்னிணைப்பில் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்து நின்ற நேரமும், நடைபாதையை விட்டு இறங்கிய நேரமும் வரிசையாக இருந்தன. கட்டுரையாளர் கையிலேயே சரியான கணக்குக்கு வேண்டியதெல்லாம் இருந்திருக்கிறது, பயன்படுத்தத் தெரியவில்லை. மதிப்பிடுபவர் கணக்கைத் திருப்பிப் போட்டுத் தரவேண்டும் என்று எந்த இதழும் கேட்பதில்லை. மேடம் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆளாகக் கழித்துப் பார்த்தார். பாதியிலேயே போக்கு தெரிந்துவிட்டது. இருந்தும் கடைசி ஆள்வரை போனார். வந்து நின்ற கணத்திலிருந்து எண்ணினால் விடை முப்பத்துமூன்று இல்லை. இருபத்தாறு.

ஓட்டையை அடைத்ததும் கட்டுரை முன்பைவிட உறுதியாக நின்றது. முப்பத்துமூன்றென்றால் நாற்பதோடு கொஞ்ச காலம் வாதாடிக்கொண்டிருக்கலாம். இருபத்தாறோடு வாதாட முடியாது. மேடத்துக்கு வலித்தது. இருபத்திரண்டு வருடம் தன்னோடு வந்த ஒன்றைத் தன் கையாலேயே கழித்துத் தள்ளியிருக்கிறார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மூன்றாவது மதிப்பீட்டை ஒரே மூச்சில் எழுதினார். கட்டுரையின் வாதத்தை, எழுதியவரே சொல்லியிருந்தால் எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருப்பாரோ அதைவிடத் தெளிவாக முதல் பத்தியில் எடுத்துவைத்தார். அடுத்து ஓட்டை. அதற்கடுத்து, "இருந்தாலும், பின்னிணைப்பில் உள்ள தரவுகளைக் கொண்டே இதைச் சரிசெய்ய இயலும், அவ்வாறு செய்யும்போது ஆசிரியரின் வாதம் மேலும் வலுப்பெறுகிறது" என்று எழுதி, கணக்குத்தாளை இணைத்தார். நிழல் பற்றிய வாக்கியத்துக்குத் தனியாக ஒரு குறிப்பு. "வாக்கியம் நன்றாக இருக்கிறது. இருந்தாலும் வாதத்துக்கு அது தேவைப்படவில்லை. வைத்துக்கொள்வதும் நீக்குவதும் ஆசிரியர் விருப்பம்." மதிப்பீட்டுப் படிவத்தில் எடிட்டர் மட்டும் பார்க்கும் பகுதியில், மருந்துக் கடைப் பையோடு வந்த பெரியவர் தன்னிடம் அனுமதி கேட்டதையும், அதைத் தான் அன்று குறித்துவைக்காததையும் எழுதினார். பரிந்துரை: திருத்தங்களுடன் வெளியிடலாம்.

டாக்டர் முழுவதையும் கேட்டார். ஒருமுறை தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தெரியலையே. பிடிச்சவங்களா, பிடிக்காதவங்களா... ஒண்ணும் பிடிபடல. நிறைய வேலை பாத்திருக்கன்னு மட்டும் தெரியுது." தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஆமா, அந்த முந்தைய ஆய்வு, முந்தைய ஆய்வுங்கறியே, பாவம் யாரு அது?"

"நான்தான்."

டாக்டர் கையிலிருந்த கரண்டியை மெதுவாகத் தட்டில் வைத்தார். மனைவியின் தட்டில் சாப்பாட்டைப் பரிமாறினார். இருவரும் சாப்பிட்டார்கள். மதிப்பீடு அன்றைக்கே போய்விட்டது.

அதற்கடுத்த வாரம் இரண்டாம் ஆண்டு வகுப்பில் சாலையைக் கடப்போர் பற்றிய பாடம். கட்டுரை இன்னும் வெளிவரவில்லை. வெளிவரும்வரை மதிப்பிட்டவர் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. பாடத்திட்டத்திலும் கேள்வித்தாளிலும் பழைய எண்தான் இருக்கிறது. மேடம் கரும்பலகையில் தலைப்பை எழுதி, கேள்வியை எழுதினார். சிவப்பு விளக்கில் ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் பொறுத்திருப்பார்?

மேல் வகுப்புக்காரர்களிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்த ஒரு மாணவி முன்வரிசையிலிருந்து, "நாப்பது செகண்ட் மேடம். உங்க நம்பர்தானே மேடம்!" என்றாள். வகுப்பு சிரித்தது. எல்லோரும் எழுதக் குனிந்தார்கள்.

"இருங்க. பேனாவை மூடுங்க."

மூடினார்கள்.

"பென்சில் எடுங்க."

"பென்சிலா? எதுக்கு மேடம்?"

"எடுங்கப்பா."

பைகள் திறந்தன, பெட்டிகள் உருண்டன, பக்கத்தில் கடன் கேட்டார்கள். பின்வரிசையில் ஒருத்திக்கு எங்கும் கிடைக்கவில்லை. மேடம் தன் கைப்பையைத் திறந்து, துழாவி, ஒரு குட்டைப் பென்சிலை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைவரை நடந்துபோய் அவள் கையில் கொடுத்தார். திரும்பி வந்து, எல்லோர் கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, கரும்பலகையில் நாற்பது என்று எழுதினார்.